கோமாளியின் மூக்கு

“மூக்க விடுடி! திருவிழாக் கோமாளி மூக்கப் புடிச்சு இழுக்கறது எந்த ஊரு வழக்கம்?”

“உள்ள எவன் இருக்கான்னு பாக்காம விடமாட்டேன், லெக்கி. நீ கைய எடு!”

கோட்டை மடத்தின் கல் முற்றத்தில் ஊரே புதுசு உடுத்தி உட்கார்ந்திருக்க, யுதோன் அந்தச் சிவப்பு முகமூடியின் நீண்ட மர மூக்கைப் பற்றிக்கொண்டு நின்றாள். எந்தத் தோள்துண்டு இல்லாவிட்டால் வாசற்காவலன் பெண்களை உள்ளேயே விடமாட்டானோ, அந்தத் துண்டு கீழே விழுந்து மிதிபட்டுக் கிடந்தது. மாடத்தில் துறவிகள் எக்காளத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஆசையைத் துறந்தவர்கள்தான்; வேடிக்கையைத் துறந்ததாக யாரும் சொல்லவில்லையே.

எங்கள் மலையூரான லுன்ட்சேயில் விழா நாளன்று கோமாளி எதையும் பேசலாம். மாவட்ட அதிகாரியின் தொப்பையைத் தட்டி, “எத்தனை மாசம்?” என்று கேட்கலாம். அதிகாரி சிரித்தாக வேண்டும். முகமூடிக்குள் இருப்பது யாரென்று தெரிந்தாலும் தெரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை.

யுதோனின் புருஷன் உக்யென் ஆஸ்திரேலியா போய் மூன்றாவது வருஷம். அவளை அழைத்துக்கொள்ளப் பணம் வேண்டுமாம். அம்மா வழியில் அவளுக்கு வந்த ஆற்றங்கரை வயலை வாங்க ஆள் பார்த்தாயிற்று. விழா முடிந்த மறுநாள் இதே கோட்டையின் முன்கட்டு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிகூட வாங்கிவிட்டாள், சக்கரம் வைத்த பெட்டி. எங்கள் ஊர்ப் பாதையில் அதைத் தலையில்தான் தூக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கோமாளி அவள்முன் வந்து குந்தி, கீச்சுக் குரலில் ஆரம்பித்தான்.

“ஆஸ்திரேலியாக்காரி! மெதுவாப் போ தாயே. உன் கட்டில்ல ஏற்கெனவே ஒருத்தி படுத்திருக்கா. நீ வயல வித்துட்டுப் போயி அவ புள்ளைக்குத் தொட்டில் ஆட்டு!”

முற்றம் குலுங்கியது. யுதோனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம்தான் உறைத்தது. கோமாளி தொட்டிலுக்கு வருமுன்பே, கட்டிலிலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தெரியாத சங்கதிக்கு யாரும் அத்தனை சீக்கிரம் சிரிப்பதில்லை. லெக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக் கோழி முட்டையிட்டாலும் ஓடிவந்து சொல்லும் லெக்கி, அரிசிப்பொரியை வாய்நிறைய அடைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகுதான் மூக்கைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் முகமூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே இருந்தது அவள் அண்ணன் தாண்டின்.

“அண்ணா, நீயா? மாடு கன்னு போடப்போகுது, விழாவுக்கு வரலேன்னியே?”

“ஒரு குடுவை சாராயம் குடுத்துக் கோமாளிகிட்ட இத வாங்கினேன்.” வியர்வை வழிந்த முகத்தை அவன் துடைக்கவில்லை. “நேரா வந்து சொன்னா, தங்கச்சி வயலுக்கு நாக்கத் தொங்கப்போடறான்னு ஊரு சொல்லாதா?”

“இப்ப மட்டும் சொல்லாதா?”

சொன்னது. பின்வரிசையில் ஒருத்தி, “அதானே பாத்தேன், அண்ணனுக்கு என்ன திடீர்ப் பாசம்!” என்றாள். முகமூடிக்குள் இருந்தவரை அது கோமாளி பேச்சு, யாரையும் ஒட்டாது. முகம் தெரிந்ததும் பேச்சுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான், ஆளுக்கு ஒரு ஆசையும் ஒட்டிக்கொண்டது.

“கையெழுத்து மட்டும் போடாத யுதோன். என்னைத் திட்டு, அடி. அத மட்டும் போடாத.”

“போடலேன்னா என் புருஷன் அப்படித்தான்னு நானே ஊருக்குச் சத்தியம் பண்ணின மாதிரி. உனக்கு வயலு, இவங்களுக்குச் சிரிப்பு. எனக்கு?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள். பணத்தை அனுப்பினாள். அசட்டுத்தனம் என்று ஊரில் எல்லோருமே சொன்னோம், அவள் காதில் விழாதபடி.

வயலை வாங்கியவன், கோட்டையை ஜன்னலிலிருந்தே படம் பிடிக்கத் தோதாக அங்கே ஒரு விடுதி கட்டினான். லெக்கியின் மகள் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். உக்யென் ஆஸ்திரேலியாவிலேயே அந்தக் கட்டில்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு போனில் படம் அனுப்பினான். பிள்ளைக்கு அவன் மூக்கு. தாண்டின், தன் பெண்டாட்டியின் ஊரான பும்தாங்குக்கே போய்விட்டான். யுதோன் தலைநகர் திம்புவில் ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள் என்று கேள்வி. போகும்போது அந்தப் பெட்டியைத் தலையில்தான் வைத்துக்கொண்டு போனாள்.