குழாயடி பார்டர்

“கல்யாணப் பொடவைல எவனாவது குழாயடிய வெப்பானா? வாயத் தொறந்து சொல்லு சத்தியராஜு.”

பொன்னியம்மாளின் குரல் தெருமுனை டீக்கடை வரை போயிற்று. கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் நான் உள்ளே போய் நின்றேன். கேட்கத்தான் மறந்துவிட்டது. கட்டிலில் அரக்குச் சிவப்புப் பட்டு விரிந்து கிடந்தது. மகள் மணிமேகலையின் முகூர்த்தப் புடவை. “ஆரணிக்காரங்க நீங்க, நீங்களே நெய்ய வெச்சிடுங்க. பார்டர்ல அன்னம் மட்டும் இருக்கணும்” என்று தேசூர் சம்பந்தியம்மா தமிழ்ச்செல்வி சொல்லியிருந்தார். மறுநாள் காலை புடவையை வாங்கிப்போக வருகிறார். பார்டரில் ஓர் அன்னம்கூட இல்லை. சரிகையில் வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு குடம். முதலில் நிற்பவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையை நீட்டிச் சண்டை போடுகிறாள். அது பொன்னியம்மாள் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கடைசியில் ஒருத்தி குடமே இல்லாமல் காதை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அது யாரென்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியராஜ் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிறவன். முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்கு ஏன் கல்யாணமாகவில்லை என்பதில் எங்கள் தெருவுக்கு மூன்று கருத்துகள், இரண்டு என்னுடையவை. மாங்காய், மயில், அன்னம் என்று கேட்டதைப் போட்டுத் தருவான். மற்ற நேரம் மாடியில் உட்கார்ந்து குழாயடியைப் பார்ப்பான். எந்தப் பெண்ணைப் பார்க்கிறான் என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். எல்லாரையும்தான் பார்த்திருக்கிறான், குடங்கள் உட்பட.

தறிக்காரர் தசரதனுக்கு ஒரு வழக்கம். டிசைன் வரும் பென்டிரைவைத் தறிப் பெட்டியில் செருகி, கடைசியாக ஏறியதை எடுத்துக்கொள்வார். கடைசிதானே புதுசு. இந்த முறை அன்னத்தை ஏற்றிய பிறகு சத்தியராஜ், தனக்கென்று வரைந்த குழாயடியையும் பத்திரமாக இருக்கட்டுமென்று அதிலேயே போட்டு வைத்திருந்தான்.

“நீ கண்ண மூடிகினா நெய்ஞ்ச?” என்று பொன்னியம்மாள் தசரதன் பக்கம் திரும்பினாள்.

“மூணாவது மொழத்துலியே தெரிஞ்சிச்சிக்கா. இது உங்க கை மாரியே கீதேன்னு பாத்தேன். நல்லா இருந்திச்சி. நெய்ஞ்சிட்டேன்.”

“நல்லா இருந்திச்சாம். நாளைக்கு அந்தம்மா வந்து இதப் பாத்துட்டு, குழாயடிக் குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டோம்னு திரும்பிப் போச்சின்னா? ஏம்பா சத்தியராஜு, ஒனக்கு வரையறதுக்கு வேற எதுவும் கெடைக்கலியா?”

சத்தியராஜ் தலையைத் தூக்கவில்லை. “அன்னத்த நான் ஒரு நாளும் பாத்ததில்லக்கா. உங்களத் தெனம் பாக்கறேன்.”

பொன்னியம்மாள் இடுப்பில் ஊன்றியிருந்த கையைக் கீழே இறக்கினாள்.

அதுவரை மூலையில் இருந்த மணிமேகலை எழுந்து வந்து புடவையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பீரோக் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள்.

“கொசுவத்துல ஒரு அம்மா, தோள்ல ஒரு அம்மா, முந்தானைல ஒரு அம்மா. எங்க திரும்புனாலும் நீதான் சண்ட போட்டுகினு நிக்கிற. நான் இதத்தான் கட்டுவேன்மா. அங்க போயி எனக்கு யாரு இருக்கா?”

“அடிப் போடி, பேஜாரு புடிச்சவளே” என்றாள் பொன்னியம்மாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். பார்டரைக் கண்ணுக்கருகில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அந்த மௌனத்துக்குப் பக்கத்து வீட்டு ஜெபராணி ஓர் அர்த்தம் சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். இரண்டும் தப்பு. முகூர்த்தத்தில் மணிமேகலை அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு சத்தியராஜுக்கும் கல்யாணமாயிற்று. வெம்பாக்கத்து டீச்சர் நான்சி. அங்கேயே குடிபோய்விட்டான். இப்போது குழாயடியில் நாங்கள் தலையைச் சீவிக்கொண்டு நிற்க எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் நிற்கிறோம்.

ஆடிச் சீர் கொண்டுபோன பொன்னியம்மாளுக்குத் துணையாக நானும் தேசூர் போனேன். மொட்டைமாடிக் கொடியில் அந்தப் புடவை காற்றாடிக்கொண்டிருந்தது. தமிழ்ச்செல்வியம்மா பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பார்டரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இவங்கதான் எங்க சம்பந்தி. இதுவும் அவங்கதான். இதோ, இங்கயும்.”

விரல் ஒவ்வொரு பொன்னியம்மாளாகத் தொட்டுக்கொண்டே போயிற்று. மாடிப்படியில் பாதி ஏறிய நிஜப் பொன்னியம்மாள் அங்கேயே நின்று, கலையாத கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.