தங்கை முகம் பார்க்கும் வரை

காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பிற்பகல் மூன்றுக்குப் போய்ச் சேர்தல் என்று டிக்கெட்டில் இருந்தது. தையல்காரம்மா விரல் விட்டு எண்ணினாள். ஆறு மணி நேரம்தான். அந்தக் கணக்கை நம்பித்தான், தங்கை முகத்தைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று வேண்டிக்கொண்டு விமானம் ஏறினாள். தங்கைக்கு நாளை இருதயத்தில் ஆபரேஷன். ஒட்டிப் பிறக்காத குறையாக வளர்ந்தவர்கள் இருவரும்.

சாப்பாடு வந்தபோது தட்டை அப்படியே பக்கத்து இருக்கைக்காரரிடம் நகர்த்தினாள். அவர் குழாய் வேலைக்காரர், லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு இரண்டு தட்டையும் காலி செய்தார்.

கைக்கடிகாரத்தில் மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் தலையை வாரி, செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"எறங்கத்தான். மூணு மணி ஆகப் போகுதுல்ல?"

"இப்ப எறங்கினா நீச்சல் தெரியணும். கீழ கடல்!" சிரித்தபடி அவர் முன்னால் இருந்த திரையைத் தொட்டார். கடந்த தூரம் ஐயாயிரம் கிலோமீட்டர், மீதி ஏழாயிரம், இன்னும் எட்டு மணி நேரம் என்று காட்டியது. "டிக்கெட்ல போட்டிருக்கிற மூணு, அந்த ஊரு நேரம்க்கா. அங்க இப்பத்தான் விடிஞ்சு ஏழு மணி."

அவள் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு மணி நேரமா? ஆபரேஷனுக்கு முன்னாடி போயிடுவேன்ல?"

"அதெல்லாம் இன்னைக்கு மத்தியானமே போயிடுவீங்க. ஏன் கை இப்படி நடுங்குது?"

வேண்டுதலைச் சொன்னாள். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டதையும் சொன்னாள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"ஒரு வாய் ஜூஸாவது குடிங்கக்கா."

"சாமிகிட்ட சொன்ன சொல்லுப்பா."

அவர் வாதாடவில்லை. பிறர் நம்பிக்கையை உடைக்காமல் உதவத் தெரிவது ஒரு வரம். தன் கைப்பேசியில் விமானத்து வைஃபை இணைப்பு எடுத்து, "தங்கச்சி நம்பர் சொல்லுங்க" என்றார். விஷயத்தை எழுதி அனுப்பினார்.

சற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாயெல்லாம் பற்பசை நுரையோடு, கண்ணை உருட்டிக்கொண்டு தங்கை. கீழே எழுதியிருந்ததைக் குழாய்க்காரர் வாசித்தார்:

"அடியே, என் மூஞ்சியப் பாத்துட்டல்ல? ஒழுங்கா சாப்பிடு. நீ மயங்கி விழுந்து பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டா எனக்கு யாருடி துணை?"

தையல்காரம்மா சிரித்தாள், அழுதாள். பிறகு கண்ணை மூடினாள். இது ஏமாற்று வேலையாகாதா என்று உள்ளே ஒரு கேள்வி. கேட்காமலே இந்தக் குழாய்க்காரப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்த சாமிதானே இந்த முகத்தையும் அனுப்பியிருக்க வேண்டும்?

கண்ணைத் திறந்தபோது இருக்கை காலி. குழாய்க்காரர் பணிப்பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"உங்க பங்கை நான்தானே முழுங்கினேன். சாப்பிடுங்கக்கா."

முதலில் ஜூஸ் இறங்கியது, பிறகு ரொட்டி. கை நடுக்கம் மெல்ல நின்றது. அவர் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கத் தயாரானார். அவள் தன் கையிலிருந்த அவர் கைப்பேசியை நீட்டினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். எறங்குறப்ப குடுங்க."

திரையில் குட்டி விமானம் கடல்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நுரை வழியும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.