வம்சத்துச் சூடு

“லுங்கியை அவுங்க. நான் பார்க்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் கணவர், நான் கத்தியை நீட்டியதுபோல எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா என் காதில் ஓதி அனுப்பிய ஒரே புத்திமதி இதுதான்: “ஆம்பளை உடம்புல என்னன்னு அவனா சொன்னா கேட்டுக்கோ. நீயா கேக்காதே.” குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளுக்கு, பெற்றவள் நடத்திய பாடம்.

இந்த வீட்டு ஆண்கள் மூவருக்கும் வெல்டிங் பட்டறையில் வேலை. மாமனார், கணவர், கொழுந்தன். முரட்டு பேன்ட்டுக்குள் நாளெல்லாம் வெந்துவிட்டு, சாயங்காலம் கால்களை அகட்டி அகட்டி நடந்து வருவார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குப் போவார்கள். ஜன்னல் திட்டில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ட்யூப். தொடையிடுக்கில் பூசிக்கொண்டு, உலகத்தில் ஒன்றுமே நடக்காத முகத்தோடு வெளியே வருவார்கள். மூன்று பேருக்கும் ஒரே ட்யூப். ஆனால் தான் மட்டும்தான் பூசுவதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. தீர்ந்தால் மாமியார் காலி ட்யூபை மருந்துக்கடையில் வாய் திறக்காமல் நீட்டி, புதியதை வாங்கி வந்து அதே இடத்தில் வைப்பார். யாராவது சொறிவது கண்ணில் பட்டுவிட்டால், “சூட்டு உடம்பு. நம்ம வம்சமே அப்படித்தான்.” பேச்சு முடிந்தது.

அந்த வம்சத்தில் பிறக்காத எனக்கும் சூடு வந்தது.

“எனக்கு ரெண்டு தடவை மருந்து போட்டு சரியாச்சு. ரெண்டு தடவையும் திரும்ப வந்துடுச்சு. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.”

“என்னைப் பத்தியும் சொன்னியா?” எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

“சொன்னேன். படர்தாமரையாம். அந்த ட்யூப்ல அரிப்பை அமுக்குற மருந்து கலந்திருக்காம். அரிப்பு அடங்குமாம், பூஞ்சை அதுபாட்டுக்குப் பரவுமாம். அரிப்பு ரெண்டு வாரத்துக்கு மேல நின்னாலோ, தோல் வெடிச்சாலோ, நீர் வடிஞ்சாலோ, கடையில வாங்கிப் பூசாம வந்து காட்டணுமாம். உங்களுக்கு ரெண்டு வருஷமாச்சு. நீங்களும் வந்து காட்டினாத்தான் எனக்கும் நிக்குமாம்.”

“அந்த டாக்டரம்மா முன்னாடி நான் அவுக்கணுமா?”

“ஆம்பளை டாக்டரும் இருக்கார். கேட்டுட்டுதான் வந்தேன்.”

“எவனாவது பார்த்தா? எவகிட்டயோ போய் வாங்கிட்டு வந்திருக்கான்னு பட்டறையே சிரிக்கும்.”

“இப்ப மட்டும் சிரிக்கலையா? மூணு பேரும் வாத்து மாதிரி நடந்து வர்றதைத் தெருவே பார்க்குது.”

வேறொரு நாளாக இருந்தால் இருவருமே சிரித்திருப்போம். அவர் லுங்கி முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

“எனக்கென்னமோ, இது உன்கிட்டேயிருந்துதான் வந்திருக்கும். ஆபீஸ்ல எவனெவனோ உக்காந்த நாற்காலி.”

நான் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே அந்த ட்யூப் திட்டில் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். கூட வேலை செய்பவளின் அறையில் இடம் பேசி, வெள்ளிக்கிழமையே துணிகளை அடுக்கியாயிற்று. ‘சரி, போகலாம்’ என்று ஒரு வார்த்தை வந்தால் பையை அவிழ்த்துவிடலாம் என்றுதான் ஞாயிறுவரை இருந்தேன்.

பின்கட்டில் மாமியார் மூன்று பேர் துணியையும் ஒரே வாளியில் அலசிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் கை நின்றது.

“ஒரு அரிப்புக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாளாடி? நாங்கெல்லாம் குடும்பம் நடத்தலையா? எல்லாம் படிச்ச திமிரு.”

சொல்லிக்கொண்டே ஈரக் கையால் இடுப்பில், பாவாடை நாடாவுக்குக் கீழே, பரக் பரக்கென்று சொறிந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

“அத்தை, நாளைக்கு மறுபடி டாக்டர்கிட்ட போறேன். வர்றீங்களா?”

அவர் கண் குளியலறை ஜன்னலுக்குப் போயிற்று. வாலிலிருந்து கழுத்துவரை சுருட்டப்பட்ட ட்யூப் அங்கே வெயிலில் கிடந்தது. பிறகு குனிந்து, கையை வாளிக்குள் விட்டார்.

கொடியில் ஐந்து துண்டுகள். நடுவிலிருந்த என்னுடையதை உருவி, ஈரத்தோடு பைக்குள் திணித்துக்கொண்டு கதவைத் தாண்டினேன். காற்றில் மற்ற நான்கும் நகர்ந்து, அந்த இடைவெளியை மூடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.