மாப்பிள்ளைக்கு ஜன்னலோர இருக்கை

தராசு பழுதுபார்க்கும் கடையின் மூத்த மெக்கானிக், விமானக் கம்பெனியில் தன் பெயரில் ஒன்றரை லட்சம் மைல் சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து தரைக்கு நான்கு விரற்கடை மேலே நடக்க ஆரம்பித்தார். தெருவில் இது பெரிய சேதியாகவில்லை. பக்கத்துக் கடையில் சாவி செய்பவர் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, செருப்பு தேயாது, நல்லதுதான் என்றார். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்மாள், மழை நாளில் உள்ளே வந்தும் சேறு ஒட்டாத ஒரே வாடிக்கையாளர் என்று அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். மெக்கானிக்கின் மனைவியைக் கடையில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "மிதக்கிறதா இருந்தாலும் செருப்பை வெளியில விட்டுட்டு மிதங்க."

கடை அண்ணன் தம்பி இருவருடையது. வாய் இருந்ததால் தம்பி முதலாளி, கை இருந்ததால் அண்ணன் மெக்கானிக், தலை இருந்ததால் மற்ற எல்லாம் அண்ணி. ஆணித் தொழிற்சாலை, சோப்பு ஆலை, காகித ஆலை என்று பல ஊர்களில் இருந்த எடை மெஷின்களைச் சரிபார்த்து முத்திரைக்குத் தயார் செய்வது இவர்கள் வேலை. மாதத்துக்கு எட்டு பத்து விமானப் பயணம் இருக்கும். பறந்த தூரத்தை விமானக் கம்பெனி மைலாக வரவு வைக்கும், போதுமான அளவு சேர்ந்தால் இலவச டிக்கெட் தரும். முதல் நான்கு வருடம் அந்த மைல்களெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகப் போயின. முதலாளி ஒரு கம்பெனி, மெக்கானிக் இன்னொரு கம்பெனி என்று எது மலிவோ அதில் ஏறிப் போய்விட்டு வருவார்கள். ஒரு நாள் பழைய போர்டிங் பாஸ்கள் ஒரு ஷூ பெட்டி நிறையக் கிடைத்தபோது அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து சட்டம் மாறியது. இனி ஒரே கம்பெனி, அதன் கூட்டாளிக் கம்பெனிகள், அதைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது. டிக்கெட் கடைக் கணக்கிலிருந்து போட்டால் பறக்கிறவருக்கு ஒரு பங்கு, கடைக்குத் தனியாக ஒரு பங்கு. தங்கும் அறை, வாடகைக் கார், கூரியர் எல்லாம் அந்தக் கம்பெனியின் உறுப்பினர் அட்டையில். சின்ன வியாபாரத்துக்கு விமானக் கம்பெனி தானாக ஒன்றும் தராது, கேட்டால்தான் தரும் என்பது அண்ணியின் கட்சி. கேட்டார், வாங்கினார். உலகத்திலுள்ள விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சாவிக்காரர்கூட வருடத்துக்கு ஒருமுறை போகும் பயணத்துக்கு அவரிடம் யோசனை கேட்டுப் போனார்.

அண்ணி மட்டும் இதுவரை ஒரு விமானத்தில்கூட ஏறியதில்லை. இரண்டு கடல் தாண்டி அவருக்கு ஒரு அக்கா இருந்தார். பார்த்துப் பத்தொன்பது வருடம். வாரம் தவறாமல் போன் வரும், எப்போது வருகிறாய் என்று அக்கா கேட்பார், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று அண்ணி சொல்வார். இருபதாயிரம் இருந்தபோதும் அதையே சொன்னார், இரண்டு லட்சம் ஆனபோதும் அதையே சொன்னார். சேர்க்கிறவருக்குச் செலவழிக்க மனசு வராது என்று தெரு முடிவு கட்டிவிட்டது. தெரு எப்போதும் பாதிதான் சரியாகச் சொல்லும்.

மைல் செலவானால் கால் தரைக்கு வரும் என்பது தெரியவந்ததும் தற்செயலாகத்தான். மிதக்க ஆரம்பித்த ஆறாம் மாதம் மெக்கானிக் தன் மைல்களில் மாமியாருக்கு, அதாவது அண்ணியின் அம்மாவுக்கு, மூத்த மகளைப் பார்த்துவர டிக்கெட் போட்டார். டிக்கெட் போட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை. மாமியார் விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட நிமிடத்தில், கடையில் ஏணி இல்லாமல் விளக்கு மாற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை தொப்பென்று தரையில் வந்து நின்றார். மாமியார் ஏறி உட்கார்ந்தால் எந்த மருமகனுக்கும் கால் தரைக்கு வரத்தான் செய்யும் என்று ஜெராக்ஸ் அம்மாள் சொன்னதை அந்தத் தெரு இரண்டு மாதம் வைத்துச் சிரித்தது. மைல் மறுபடி சேரச் சேர அவரும் மறுபடி மேலே ஏறினார்.

கடையில் இன்னொரு மாப்பிள்ளையும் இருந்தது. இருபது கிலோ எடையுள்ள எஃகுக் குண்டு அது. மற்ற எடைகளையெல்லாம் இதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, கையுறை வேண்டும். வெல்வெட் மெத்தை போட்ட பெட்டியில்தான் உட்காரும், ஒரு சின்ன கீறல் பட்டாலும் மதிப்பு போய்விடும், தானாக ஒரு வேலையும் செய்யாது. இதற்கு வேறென்ன பெயர் வைப்பது, மாப்பிள்ளை என்றே வைத்தார்கள். விமானத்தில் சரக்கோடு போட்டால் அடிபடும் என்று அதற்குத் தனி இருக்கை வாங்குவது வழக்கம். ஜன்னலோரம் மாப்பிள்ளை, பக்கத்தில் மெக்கானிக். காசு கொடுத்து வாங்கிய இருக்கையின் மைல் யாருக்கும் இல்லாமல் போவதை அண்ணியால் தாங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து மாப்பிள்ளையையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். பிறந்த தேதி என்ற இடத்தில் முதல் முத்திரை குத்திய தேதி. மைலைப் பயன்படுத்த உரிமையுள்ள நெருங்கிய உறவு என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, உறவுமுறை மாமியார் என்று போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் மாப்பிள்ளைக்கு வெள்ளி அட்டை வந்தது, பிறகு தங்க அட்டை வந்தது, பிறந்த நாளுக்கு விமானக் கம்பெனியிலிருந்து வாழ்த்தும் வந்தது.

மனிதன் சீக்கிரம் லேசாவான், எஃகு மெதுவாகத்தான் லேசாகும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. கடையிலிருந்த தராசு எல்லாமே மாப்பிள்ளையை வைத்துச் சரிசெய்தவை, எதில் ஏற்றினாலும் இருபது கிலோ என்றே காட்டின. வெளியூர் விமான நிலையத்தில் ஒரு தடவை பெட்டியை நீக்கி எடை போட்டபோது பத்தொன்பது கிலோ அறுநூறு என்று காட்டியது. மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேர் வந்துபோகிற இடத்தில் இப்படியா ஒரு தராசு வைப்பது என்று புகார்ப் புத்தகத்தில் முக்கால் பக்கம் எழுதிவிட்டு வந்தார். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் அதே எண், அதே புகார். மூன்றாவது ஊரில் அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார், காவலர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ஏர்போர்ட் தராசெல்லாம் தப்பு என்று அவர் புலம்பியபோது அண்ணி சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மூணு ஊர் தராசும் பேசி வச்ச மாதிரி ஒரே தப்பைப் பண்ணுமா?"

மெக்கானிக் அப்படியே ஒரு விரற்கடை கீழே இறங்கினார். மாப்பிள்ளையின் கணக்கில் அன்று இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல் இருந்தது.

மனிதன் மிதந்தால் அது அவன் சௌகரியம். எடைக்கல் மிதந்தால் கடையை மூட வேண்டியதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாப்பிள்ளையை அரசு அளவைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒரு கிராம் குறைந்தாலும் உரிமம் ரத்து. அந்தத் தேதிக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. முதலாளி சுவரில் ஒட்டியிருந்த உரிமத்தைப் பார்த்தபடி வாய் இருந்தும் பேசாமல் நின்றார், அது அவருக்கு முதல் தடவை. பிறகு, மைலுக்குப் பொருள் தருவார்களே, ஆறு சூட்கேஸும் ஒரு காபி மெஷினும் வாங்கித் தீர்த்துவிடலாமே அண்ணி என்றார். பொருள் கைக்கு வந்து சேர ஆறு வாரம், அதுவரை மைல் கழியாது. தவிர, அண்ணிக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. மைலுக்குச் சூட்கேஸ் வாங்குகிறவன் நெல்லைக் கொடுத்து உமி வாங்குகிறவன் என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். மைல் பறக்கத்தான். மாப்பிள்ளையின் மைலில் மாப்பிள்ளையோ மாமியாரோதான் பறக்கலாம். பதினோரு நாளுக்குள் இலவச இருக்கை என்று இருந்தது ஒன்றே ஒன்று, அக்காவின் ஊருக்கு, பரிசோதனை நாளன்று காலை பத்தேகாலுக்கு. அந்த நேரத்தில் மாப்பிள்ளை அளவைக் கூடத்தில் இருந்தாக வேண்டும். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

தான் விளையாட்டாக எழுதிய ஒரு வார்த்தை தன் கழுத்திலேயே வந்து விழும் என்று அண்ணி எதிர்பார்க்கவில்லை. இருந்த மைல் மொத்தமும் கரைகிற மாதிரி போகவர டிக்கெட்டைப் போட்டார். அக்காவுக்குப் போன் செய்து சொன்னார். அக்கா அந்தப் பக்கம் பத்து நிமிடம் அழுதுவிட்டு, எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று மூன்று தடவை கேட்டார். அண்ணி பெட்டியில் துணியை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

அன்று காலை முதலாளி மாப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அளவைக் கூடத்துக்குப் போனார். மெக்கானிக் மனைவியை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போக முடியாததால் கார் நிறுத்துமிடத்தில் மிதந்தபடி நின்றார். பத்து மணிக்கு அவருடைய போன் அடித்தது. அண்ணி விமானத்தின் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வரிசை காத்திருந்தது.

"என்னங்க, நான் திரும்பி வந்துடறேன்."

"பயமா இருக்கா?"

"பறக்கிறதுக்கு என்ன பயம், நீங்க வீட்டுக்குள்ளயே பறக்கறீங்க." அண்ணி பின்னால் வந்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். "பத்தொம்பது வருஷமாச்சுங்க. அங்க போய் இறங்கி, அக்கா என்னை யாருன்னே தெரியாம தாண்டிப் போயிட்டா? போன்ல பேசற அக்காவாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும்னுதான் இத்தனை நாளா சேரட்டும் சேரட்டும்னேன்."

மெக்கானிக் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை, அந்த வேலையைத் தம்பியிடம் விட்டிருந்தார். ஆனாலும் அன்று சரியாகப் பேசிவிட்டார். "இங்க பாரு, மாப்பிள்ளை கிடக்கட்டும். கடை கிடக்கட்டும், போனா இன்னொண்ணு பார்த்துக்கலாம். உனக்கு அக்காவைப் பார்க்கணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"பார்க்கணும்."

"அப்ப போய் உக்காரு."

அதே நேரம் அளவைக் கூடத்தில் மாப்பிள்ளை தட்டில் ஏறிவிட்டது. முதலாளி தன்னால் முடிந்தவரை பேசினார். கட்டடத்தின் உறுதியைப் பாராட்டினார், ஜன்னல் கண்ணாடி எங்கே வாங்கியது என்று விசாரித்தார், அதிகாரியின் மூக்குக்கண்ணாடியின் பவர் வரைக்கும் போய்விட்டார். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பத்தொன்பது கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு. அதிகாரி பேனாவை எடுத்தார். பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு எண் நகர்ந்தது. அறுநூறு, எழுநூறு, எண்ணூற்று ஐம்பது என்று படியேறி, இருபது கிலோவில் வந்து அசையாமல் நின்றது. காற்று அடித்திருக்கும், ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும் என்று அதிகாரி வருத்தம் தெரிவித்துவிட்டு முத்திரை குத்தினார். கார் நிறுத்துமிடத்தில் நின்ற மெக்கானிக்குத் தம்பியின் போன் வருமுன்பே விஷயம் தெரியும், தலைக்கு மேல் ஒரு விமானம் போனதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கடல் தாண்டி அண்ணி இறங்கியபோது, வெளியே வரும் வழியில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள் யாரையும் முந்தவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அக்கா தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "என்னடி இப்படி இளைச்சுப் போயிட்டே!" என்பதுதான். அண்ணி அழுதுகொண்டே மறுத்தார். தராசுக் கடைக்காரி என்பதால் வாயால் மறுத்ததோடு விடவில்லை, அங்கே பெட்டி எடை போடும் மேடையில் ஏறியே நின்று காட்டினார். அறுபத்தெட்டு கிலோ, பத்தொன்பது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பதினாறு கூட. அக்கா எண்ணைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"இது தப்பா காட்டுது. ஏர்போர்ட் தராசெல்லாம் இப்படித்தான்."

அண்ணி அங்கே இரண்டு மாதம் இருந்தார். அதற்குள் அண்ணன் தம்பி இருவரும் மூன்று வருட வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகப் போய், கூலி வாங்காமல் எல்லா மெஷினையும் மறுபடி சரிசெய்து கொடுத்தார்கள். ஆணித் தொழிற்சாலைக்காரர் மட்டும் கொஞ்சம் கத்தினார், பிறகு அவரும் மைல் சேர்ப்பது எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். மாப்பிள்ளையின் அட்டையை ரத்து செய்தார்கள். அந்த இருக்கை இப்போது ஸ்பேனர் பெட்டியின் பெயரில் வாங்கப்படுகிறது. மாப்பிள்ளையும் அதே பெல்ட்டுக்குள் ஓசியில் உட்கார்ந்துகொள்ளும். முப்பது கிலோ ஸ்பேனர் பெட்டி லேசாவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, மெக்கானிக் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு படியேறுகிறார். எடைக்கல்லைத் தவிர எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் சேர்ந்ததை வருடத்துக்கு ஒருமுறை யாராவது பறந்து தீர்த்துவிட வேண்டும் என்பது அண்ணி திரும்பி வந்து போட்ட புதுச் சட்டம்.

மறுவருடம் மெக்கானிக் மூன்று விரற்கடை உயரத்துக்கு வந்தபோது, அந்த மைலில் அக்காவுக்கு டிக்கெட் போட்டார்கள். அக்கா கிளம்பும் நாளன்று அண்ணி காலையிலிருந்தே வீட்டைக் கூட்டி மெத்தை விரித்து வைத்தார். மெக்கானிக் வாசலில் கிடந்த செருப்பைத் தூசி தட்டி எடுத்துவந்து, தன் காலுக்கு நேர் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தார்.