என்டர் தட்டாத வரி

கே.கே. நகர் டயாலிசிஸ் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே, படியில் இருவர் உட்கார்ந்திருப்பதை சபிஹா பார்த்துவிட்டாள். காசிமாயனும் அவர் மனைவி அன்னக்கொடியும். கீழக்குயில்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். காசிமாயனின் கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன.

“இன்னைக்கு மிஷின் ஓடாதும்மா. தண்ணி பிளான்ட் ரிப்பேரு. திருப்பரங்குன்றம் பிராஞ்சுக்குப் போகச் சொல்லி நேத்தே எல்லாருக்கும் மெசேஜ் போட்டமே?”

“எங்களுக்கு ஒண்ணும் வரலையே தாயி,” என்றாள் அன்னக்கொடி. சண்டை போடக்கூடத் தெம்பில்லாத குரல்.

அவர்களை ஃபேனுக்கடியில் உட்காரவைத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். ரிசப்ஷன், பில், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். மெசேஜ் அனுப்பும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி புரோகிராமும் அவள் எழுதியதே. ஃபைலில் வரிக்கு ஒரு நம்பர். ஸ்கிரிப்டில் உள்ள லூப் ஒவ்வொரு வரியாகப் படித்து அரே என்ற பட்டியலில் சேர்க்கும், பிறகு அரேயில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பும். காசிமாயனின் நம்பர் ஃபைலில் இருந்தது, அரேயில் இல்லை. எர்ரர் எதுவும் காட்டவில்லை. வெகுநேரம் வெறித்த பிறகுதான் புரிந்தது. நேற்று வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவருடைய புது நம்பரைக் கடைசியில் அடித்தவள், என்டர் தட்டாமல் மூடியிருக்கிறாள். என்டரில் முடியாத வரியை அந்த லூப் படிக்கும், ஆனால் சேர்க்காமல் நின்றுவிடும்.

மேனேஜர் சிவக்குமாருக்கு போன் செய்தாள்.

“ஒரு என்டர்தானம்மா, தட்டி விட்டுரு. அவங்கள நாளைக்கு வரச் சொல்லு.”

“நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டாரு சார். மூச்சு வாங்குது.”

திருப்பரங்குன்றம் பிராஞ்சைக் கூப்பிட்டாள். பெட் இல்லை என்றார்கள். மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சினாள். மதிய ஷிப்டில் ஒன்று கிடைத்தது. கிளம்புமுன் லூப்பை அழித்துவிட்டு, கடைசி வரியையும் விடாத மேப்ஃபைல் கட்டளையை எழுதி ஓட்டினாள். காசிமாயன் அரேக்குள் வந்துவிட்டார். அதில் அவளுக்குச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களோடு ஆட்டோவில் ஏறினாள்.

“தப்பு என் மேலதாம்மா. நம்பர நாந்தான் சரியா ஏத்தல.”

அன்னக்கொடி வெளியே பார்த்தபடி இருந்தாள். “அம்புட்டுதானா? காசு கட்டாம கவர்மெண்டு இன்சூரன்ஸ் கார்டுல வாரவுகன்னு எங்கள மட்டும் கழிச்சுவிட்டாகன்னு நெனச்சேன்.”



பழங்காநத்தம் தாண்டியதும் காசிமாயனின் தலை அவள் தோளில் சாய்ந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“தூங்குறாரு தாயி. படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராத்திரி பூரா உக்காந்தே கெடந்தாரு.”

பிராஞ்ச் வாசலில் ஆட்டோ நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். சபிஹா தோளை அசைக்கவில்லை. மெல்லிய விசில்போல ஏறி இறங்கும் அந்த மூச்சு, அவள் துப்பட்டாவின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.