காலி பாட்டிலின் எடை

எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. இருபத்திரண்டு வருடமாக எடைமேடையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? லாரி லோடோடு மேடை ஏறும், ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும், இன்னொரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துச் சீட்டு கிழித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. இதற்குள் டிரைவர்கள் செய்கிற தில்லுமுல்லு இருக்கிறதே, அப்பப்பா! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். டயர் நசுங்குவதைப் பார்த்தே உள்ளே எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் பெற்ற பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள்.

ஒரே பெண். பிறந்தபோதே கையடக்கமாக இருந்ததால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தோம், பதினேழு வயதாகியும் அதுதான் பெயர். கல்லூரியில் கட்டட வரைபடம் போடுகிற படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்கு முன்னால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். வயசுப் பிள்ளைகள் செய்கிறதுதானே என்று விட்டோம். பிறகு மதியம் போனது. பிறகு தட்டில் இருப்பதை ஓரம் ஓரமாகத் தள்ளி வைப்பதே சாப்பாடு என்றானது. அவளைப் பார்த்த டாக்டரம்மா, "இது அடம் இல்லீங்க, நோய்" என்றார். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. பசி எடுத்தால் சாப்பிட வேண்டியதுதானே, இதில் என்னய்யா நோய்?

என் பெண்டாட்டி கெஞ்சுவாள். நான் கத்துவேன். ஒரு நாள் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பொடிசு துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு எலும்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மறுநாளே அவளை மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா ஒரு மாதம் கெடு கொடுத்தார். எடை ஏறாவிட்டாலும் பரவாயில்லை, இப்போது இருப்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வார்டில் சேர்க்க வேண்டும், முதல் இரண்டு வாரம் பெற்றவர்களுக்குக்கூட அனுமதி இல்லை. வெளியே வந்ததும் பொடிசு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க மட்டும் விட்டுடாதப்பா. என்ன சொன்னாலும் கேக்கறேன். அங்க வேண்டாம்பா."

"விட மாட்டேன்டா" என்றேன். எதை வைத்துச் சொன்னேனோ!

எங்கள் மேடைக்கு வருகிற டிரைவர் ஒருவர் தினமும் காலையில் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டிலிலிருந்து ஓட்ஸ் வழித்துச் சாப்பிடுவார். அவரிடம்தான் பக்குவம் கேட்டேன். "அடுப்பே வேணாம் சார். முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல ஊற வச்சுட்டா, காலைல மூடியத் திறக்க வேண்டியதுதான். ஞாயித்துக்கெழமை செஞ்சா வெள்ளி வரைக்கும் கவலையில்ல" என்றார். எனக்குப் பளிச்சென்றது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? கையில் கொடுத்துவிடுவோம். கல்லூரியில் போய், யார் கண்ணும் படாமல் சாப்பிடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை என் ராஜ்ஜியம் ஆனது. மளிகைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கிற ஓட்ஸ், டப்பாவில் வருவதில் பாதி விலைகூட இல்லை. சந்தை கலைகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட ஆப்பிளும் புள்ளி விழுந்த வாழைப்பழமும் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். புள்ளி விழுந்ததுதான் இதற்கு நல்லது, சர்க்கரையே வேண்டாம். ஐந்து ஜாம் பாட்டில், எல்லாவற்றுக்கும் நீல மூடி. பாதி பாட்டிலுக்கு ஓட்ஸ், அது மூழ்கிக் கொஞ்சம் மேலே நிற்கிற அளவு பால், இரண்டு ஸ்பூன் தயிர், மசித்த வாழைப்பழம். மேலே ஆப்பிள் துண்டு, கறுத்துவிடாமல் இருக்க அதன்மேல் ஆரஞ்சு பிழிய வேண்டும். வியாழன், வெள்ளி பாட்டில்களுக்கு மட்டும் பழத்தைப் புதன்கிழமைதான் போடுவேன், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் இனிப்பு எடுப்பாகத் தெரியும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? சமையலறைத் தராசில் ஒவ்வொரு பாட்டிலையும் நிறைத்து ஒரு எடை, சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரு எடை. பொடிசு பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருவாள். முள் மிகச் சரியாகக் காலி பாட்டிலின் எடையில் வந்து நிற்கும். ஒரு பருக்கை மிச்சமில்லை! முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? சுத்தமா காலி!" என்று பெண்டாட்டியிடம் தராசைக் காட்டினேன். அவள் திரைச்சீலை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவள், எப்போதும் வாயில் இரண்டு குண்டூசி. அதை எடுக்காமலே "ம்" என்றாள். இவளுக்கு எதிலும் சந்தோஷப்படத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் பொடிசு தானாக வந்து, "அப்பா, ஆப்பிளத் துண்டா போடாம துருவிப் போடுறியா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டாள் பாருங்கள்! அடுத்த ஞாயிறு விரல் தோல் சீவிக்கொள்கிற அளவுக்குத் துருவினேன்.

நான்காவது வாரம், வியாழக்கிழமை. அவசரத்தில் பாட்டிலைச் செருப்பு அலமாரி மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மதிய ஷிப்ட். சனிக்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு வேளை தப்பலாமா? பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கல்லூரி வாசலில் வயதான காவலாளி ஒருவர், தொளதொளவென்று காக்கிச் சட்டை. யாரைப் பார்க்கணும் என்று கேட்க வாயெடுத்தவர் என் கையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"அட, நீல மூடி! நம்ம பொண்ணோட அப்பாவா நீங்க?"

"ஆமாங்க. மறந்துட்டுப் போயிட்டா."

"நானும் பாத்தேன், வெறுங்கையோட வருதேன்னு. 'மறந்துட்டேன் தாத்தா, மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. இதுக்குப் போய் நீங்க இவ்வளவு தூரம் வரலாமாய்யா? எனக்காகவா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"விடியறதுக்கு முன்ன டூட்டிக்கு வந்துடறேன். வீட்ல செஞ்சு குடுக்க ஆளில்ல. மொத நாளு வந்து, 'எங்கப்பா அளவு தெரியாம நெறைய செஞ்சிடறாரு, நீங்க சாப்பிடுங்க தாத்தா'ன்னு குடுத்துச்சு. அன்னிலேர்ந்து தெனமும் நம்ம வயித்துக்குத்தான். நான் கழுவி வச்சிருவேன், சாயங்காலம் வாங்கிட்டுப் போவும். தங்கமான மனசு உங்க பொண்ணுக்கு. ஆப்பிளு மட்டும் கடிக்க முடியலம்மான்னு சொன்னேன், மறு வாரமே துருவி வருது!"

சிரித்தார். மேலே இரண்டு பல், கீழே இரண்டு.

செருப்பால் அடித்தால்கூட அப்படி உறைத்திருக்காது. என் மேடையிலிருந்து போகிற லோடு எங்கே இறங்குகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நிறைந்து போனது, காலியாக வந்தது, கழித்தால் கணக்கு சரி. அந்தப் புத்தியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து, பெற்ற பெண்ணுக்குச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடையன்.

அந்த மனிதரிடம் கோபப்பட முடியுமா? பாட்டிலை நீட்டி, "சாப்பிடுங்க" என்றேன். அவர் என் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் பொடிசு வந்தபோது அவள் அம்மா இன்னும் பட்டறையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"தாத்தாவப் பாத்தேன்" என்றேன்.

அவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கத்த வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஸ்பூனை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒரு ஸ்பூன். அப்பாவுக்காக. ஒரே ஒரு ஸ்பூன்டா."

உட்கார்ந்தாள். ஸ்பூனை எடுத்தாள். அரை ஸ்பூன்கூட இருக்காது, வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? விழுங்க மாட்டேன் என்று அவள் அடம் பிடிக்கவில்லை. விழுங்கப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மலையைப் புரட்டுகிற மாதிரி பார்த்தாள். நெற்றி வேர்த்தது. பாதி இறங்கியது. மீதியைக் கைக்குட்டையில் துப்பிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"முடியலப்பா. வேணும்னு செய்யலப்பா. சத்தியமா முடியல."

நோய் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? டன் டன்னாக எடை போட்டவன், ஒரு ஸ்பூன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. பொடிசு சொன்னாளோ என்னவோ தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் தையல் மிஷின் ஓடியது. பட்டறை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பொடிசு கணுக்கால் வரை இறங்குகிற சாம்பல் நிறப் பாவாடை உடுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்க்கும் மெஷினைக் காட்டினார். பொடிசு ஏறினாள். ஏறும்போதே எனக்குத் தட்டியது. மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, மேஜையில் காகிதமெல்லாம் படபடத்தது. பாவாடை மட்டும் அசையவில்லை. ஈரமணல் மூட்டை மாதிரி நேராகத் தொங்கியது. விளிம்பு மெஷினின் இரும்பில் பட்டபோது சின்னதாக ஒரு டக். திரைச்சீலை சுருளாமல் நிற்கப் பட்டறையில் அடி மடிப்புக்குள் ஈயக்குண்டு வைத்துத் தைப்பார்கள்.

பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கல! கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு!" டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அப்பா கையால செஞ்சதுக்குப் பலன் இருக்கு பாருங்க. இதையே விடாம செய்யுங்க. வார்டு இப்போதைக்கு வேண்டாம்."

பொடிசு என்னைப் பார்த்தாள். விட மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கைத்தான் பார்த்தாள். வாயைத் திறந்தால் என் பெண் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். திறக்காவிட்டாலும் ஒரு நாள் ஒரேயடியாகப் போய்விடுவாள், அங்கே பார்வையாளர் நேரம் என்று ஒன்று கிடையாது.

"டாக்டர்" என்றேன். பெண்டாட்டி என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள், நகம் உள்ளே இறங்கியது. "டாக்டர், அந்தப் பாவாடைய மாத்திட்டு இன்னொரு தடவ போடுங்க."

ஆஸ்பத்திரி அங்கியில் அவள் மறுபடி ஏறினாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எடையை நான் பார்க்கவில்லை.

பொடிசு கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று பயந்தேன். அவள் பாவாடையை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு நர்ஸோடு வார்டுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தபோது அந்த அங்கிக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். பெண்டாட்டி பைக்குள்ளிருந்து சின்னக் கத்தரியை எடுத்தாள். பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு விளிம்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அவ சாப்பிடலன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "வாரா வாரம் இடுப்பப் புடிச்சுத் தைக்கிறவ நான். நீங்க தராசப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. அந்தச் சிரிப்பக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"திட்டு" என்றேன். "நல்லாத் திட்டு."

திட்டவில்லை. பிரித்த ஈயக்குண்டை வைக்க இடமில்லாமல் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் போட்டாள். பாவாடை சுற்றளவு முழுக்கப் பிரித்து முடித்துவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைல வாங்கினாலே சொல்லுவீங்களே. எவ்வளவு இருக்கும்?"

எவ்வளவு என்று எனக்குத் தெரியும். விரலை மடக்கிக்கொண்டேன்.

"ஒரு கைப்பிடிங்க" என்றாள். "ரெண்டு பேரு சேர்ந்து இத அவ உடம்புல ஏத்த முடியலையே."