மொட்டையப்பனுக்குக் கட்டிய புடவை

கடப்பாரையோடு ஒரு பைக் கூட்டம் கனகம்மாசத்திரம் தாண்டி வருகிறது என்று போன் வந்ததும் அம்சா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். எதற்கு வருகிறார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. போன வாரம் வேறோர் ஏரிக்கரையில் இதே ஆட்கள் ஒரு சமணச் சிலையை உடைத்து, வேற்றுச் சாமிக்கு இங்கே இடமில்லை என்று முழங்கிய வீடியோவை ஊரே பார்த்திருந்தது.

அம்சாவின் வேர்க்கடலைக் கொல்லையிலும் அப்படி ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆயிரம் வருஷத்துச் சிலை என்று யாரோ படித்தவர்கள் படம் பிடித்துப் போனார்கள். ஊருக்கு அவர் மொட்டையப்பன். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, மூக்கு நுனி உடைந்தவர், யாரிடமும் எதுவும் கேட்காதவர். திருத்தணிக்குக் காவடி எடுக்கிறவர்கள்கூட அவருக்கொரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மலையேறுவார்கள். அவரால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று?

புருஷன் வேணு சந்தைக்குப் போயிருந்தான். அம்சா பீரோவிலிருந்து கூரைப்புடவையை உருவிக்கொண்டு ஓடினாள். முகத்துக்கு மஞ்சள், நெற்றிக்குக் குங்குமம், கழுத்துக்கு வேப்பிலை, தலையோடு உடம்பு முழுக்கப் புடவை. பைக்குகள் வந்து நின்றபோது அங்கே ஓர் அம்மன் உட்கார்ந்திருந்தாள்.

"மொட்டச் சிலை எங்கக்கா கீது?" என்றான் கூட்டத்துக்குத் தலைவனான சுதாகர்.

"அப்டி எதுவும் இல்லபா. இது எங்க கன்னியம்மா."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அம்சாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் சிலையின் உடைந்த மூக்கைக் கவனிக்கும் வரைதான்.

"பின்னமான சிலைக்கா. வெச்சி கும்புட்டா குடும்பத்துக்கு ஆவாது. எட்த்துகினு போயி ஏரில விட்டுடறோம்."

உடைக்க வந்தவர்கள் அதே கடப்பாரையால் பக்தியோடு பெயர்க்கத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால் தூள்தூளாக்கிவிடுவார்கள். சும்மா இருந்தால் வறண்ட ஏரியில் புடவை விலகிக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஏரி காஞ்சி கெடக்குதுபா. எங்க கெணத்துலயே எறக்குங்க. கயிறு போட்டு, மெதுவா."

பாதி இறங்கும்போது வேணு வந்து சேர்ந்தான். "இன்னாமே இது? நம்ம மொட்ட..."

நகம் பதியக் கிள்ளினாள். "அம்மாவ கும்புட்டுக்க!" பாவம், கும்பிட்டான்.

அவர்கள் போனதும் கிணற்றில் குதித்து, மூழ்கித் தடவிப் பார்த்த வேணு, "முழுசா கீறாருமே" என்றான். அம்சா கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தக் கூட்டமோ விட்டபாடில்லை. அம்மன் குடியேறிய கிணறாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் ஏற்ற வந்தார்கள். வந்தால் எட்டிப் பார்க்காமல் போவதில்லை.

கடலை காய் பிடிக்கிற நேரம். வேணு மோட்டாரைப் போடப் போனான்.

"போடாத. தண்ணி எறங்கினா தலை தெரியும்."

"பயிரு காயுதுமே. எத்தினி நாளிக்கி இப்டி?"

அவள் மோட்டார் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் அவனே பியூஸைப் பிடுங்கி வீசிவிட்டுப் போனான். செடிகள் துவண்டன.

அடுத்த வெள்ளிக்கிழமை பைக் சத்தம் கேட்டு அம்சா கிணற்றுக்கு ஓடிப் படியில் இறங்கினாள். மோட்டார் போடாமலே, வெயிலுக்கே தண்ணீர் இறங்கி, மஞ்சள் கரைந்து புடவை விலகிய மொட்டைத்தலை பளிச்சென்று தெரிந்தது. மேலே செருப்புச் சத்தம் நெருங்கிவிட்டது.

அம்சா கொண்டையை அவிழ்த்துவிட்டுப் படியில் நின்று அலறினாள். "நில்லுங்கடா! எட்டிப் பாத்தா கண்ணு அவிஞ்சிபூடும்!"

மேலே சத்தம் நின்றது. "அம்மா, இன்னா கொறை? சொல்லும்மா!" சுதாகரின் குரல் உடைந்தது.

"தாகம்டா! டேங்கர்ல கொண்டாந்து கெணறு ரொம்ப ஊத்துங்கடா!"

ஓடினார்கள். அவள் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. டேங்கர் வந்து, மொட்டைத்தலை முழுகி, கடைசி பைக் போன பிறகும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.